காலியிடம் வேறு, சைபர் வேறு

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு 'நில் ரிப்போர்ட்' என்றால் விளக்கம் தேவைப்படாது. மாதக் கடைசியில் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும், 'இன்மை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாவிட்டால் நினைவூட்டுக் கடிதம் வரும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மெமோ வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு தாளும் ஒரு உறையுமா?" என்பார்கள்.

ஆனால் அந்தத் தாளில் பெரிய விஷயம் இருக்கிறது. தாள் வந்துவிட்டால், யாரோ ஒருவர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று பொறுப்பேற்றுச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். தாள் வராவிட்டால் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமல்ல, யாராவது பார்த்தார்களா என்பதே தெரியாது. முதலாவது சைபர். இரண்டாவது காலியிடம்.

இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் எப்படிக் குழப்பியது, அதைத் தீர்க்க என்னென்ன செய்தார்கள் என்பதைத்தான் இன்று எழுதுகிறேன். எழுத்தாக வரும் தகவலை எண்ணாக மாற்றும்போது, எதுவும் எழுதப்படாத கட்டத்தை என்ன செய்வது? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. இதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

பாபிலோனியர்கள் களிமண் பலகையில் அறுபதின் அடிப்படையில் எண்களை எழுதினார்கள். நம் இன்றைய முறை போலவே அதிலும் இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும். எண்ணின் நடுவில் ஓர் இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், முதலில் வெறுமனே இடம் விட்டார்கள். எழுதுகிறவர் கொஞ்சம் நெருக்கி எழுதினால் அந்த இடைவெளி தெரியாது, எண்ணே மாறிவிடும். பல நூற்றாண்டு கழித்து, கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில், அந்தக் காலியிடத்தில் இரண்டு சாய்ந்த ஆப்பு வடிவக் குறிகளைப் போடத் தொடங்கினார்கள். 'இங்கே ஒன்றும் இல்லை, நான் மறந்துவிடவில்லை' என்று சொல்லும் குறி அது.

நம் பழைய தமிழ் எண் முறையில் இந்தத் தொல்லையே வராது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து உண்டு. இருநூற்று ஐந்தை ௨௱௫ என்று எழுதினால் போதும். பத்தாம் இடம் காலி என்று சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. இட மதிப்பு முறைக்கு வந்த பிறகுதான் சுழியம் கட்டாயமாகிறது. அந்தச் சுழியத்தை வெறும் இடக்குறியாக வைக்காமல், கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தக்க ஓர் எண்ணாகவே நடத்தி விதிகள் எழுதியவர் பிரம்மகுப்தர்; ஆண்டு கி.பி. 628. சூன்யம் என்ற சமஸ்கிருதச் சொல்லை அரபியர்கள் 'சிஃப்ர்' என்று மொழிபெயர்த்தார்கள். அதற்குப் பொருள் 'காலி'. அதிலிருந்து வந்ததுதான் நாம் சொல்லும் 'சைபர்'. ஆக, காலி என்று பொருள்படும் சொல்லே பிற்பாடு ஓர் எண்ணின் பெயராகிவிட்டது. குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரத்தைக் கொடுத்தார். ஒரு மனிதருக்கு ஓர் அட்டை. அட்டையை வைத்துக் கைப்பிடியை இறக்கினால், துளை இருக்கும் இடங்களில் மட்டும் ஊசிகள் உள்ளே நுழைந்து பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், முகப்பில் உள்ள முள் ஒரு எண் நகரும். அட்டை ஒழுங்காகப் பதிவானால் மணி அடிக்கும். மணி அடிக்காவிட்டால் அட்டையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துப் பார்ப்பார்கள். முதல் இயந்திரமே காலியிடத்தைக் கண்டால் மௌனம் சாதித்தது என்பதைக் கவனியுங்கள்.

1928-ல் ஐபிஎம் நிறுவனம் 80 பத்திகள் கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. எங்கள் தலைமுறை 'பஞ்ச் கார்டு' என்று சொன்னது இதைத்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் இயந்திரக் கணக்குப் பிரிவில் இந்தக் கார்டுகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பத்தியிலும் பன்னிரண்டு வரிசை. 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வரிசை. மேலே இரண்டு வரிசை கூடுதல். சைபருக்கு அதற்கென்று ஒரு துளை உண்டு. காலியிடத்துக்குத் துளையே கிடையாது. வெளிச்சத்துக்கு நேரே கார்டைப் பிடித்தால் குழந்தைகூட வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

கார்டுகளைப் பிரித்து அடுக்கும் சார்ட்டர் இயந்திரத்தில் பதிமூன்று அறைகள். பன்னிரண்டு வரிசைக்குப் பன்னிரண்டு. பதிமூன்றாவது, 'ரிஜெக்ட்' அறை. பார்க்கும் பத்தியில் துளையே இல்லாத கார்டுகள் அதில் போய் விழும். இது போதாதென்று, சில இயந்திரங்களில் காலிப் பத்தியைக் கண்டுபிடித்து நிறுத்தும் கருவியை ஐபிஎம் தனியாகவே பொருத்திக் கொடுத்தது. காலியிடம் ஒரு தகவல் அல்ல, தகவல் இல்லாமை என்பது அந்த இரும்புப் பெட்டிகளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஏன் குழப்பம் வந்தது? ஒரு காரணம், ஆபரேட்டர்களின் நியாயமான பழக்கம். சம்பளத்துக்கு ஐந்து பத்தி ஒதுக்கியிருப்பார்கள். சம்பளம் 850 ரூபாய். 00850 என்று துளையிடுவதற்குப் பதிலாக, முதல் இரண்டு பத்தியைக் காலியாக விட்டு 850 மட்டும் போடுவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் விசை தட்டுகிறவர்களுக்கு இரண்டு துளை மிச்சம். அங்கே காலியிடத்தை சைபர் என்று எடுத்துக்கொண்டால் தவறே இல்லை. ஆக, ஒரே காலியிடத்துக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டது. எண்ணுக்கு முன்னால் இருந்தால் 'இங்கே இலக்கம் தேவையில்லை'. ஐந்து பத்தியுமே காலியாக இருந்தால் 'சம்பளம் என்னவென்று தெரியாது'.

1957-ல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்காக ஃபோர்ட்ரான் மொழி வந்தது. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கணக்குப் போட உருவானது. எண் கட்டத்தில் காலியிடம் வந்தால் அதை சைபராக எடுத்துக்கொள்வது அந்த உலகத்தின் வழக்கமானது. விளைவு என்ன? ஐந்து பத்திக் கட்டத்தில் 42-ஐ வலது ஓரமாகத் துளையிட்டால் 42. கை தவறி இடது ஓரமாகத் துளையிட்டால், பின்னால் உள்ள மூன்று காலியிடமும் சைபராகி 42000. கட்டம் முழுதும் காலியாக விட்டால் 0. இயந்திரம் ஒரு வார்த்தை சொல்லாது. கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இருபது வருடம் கழித்து, ஃபோர்ட்ரான் 77 தர நிர்ணயத்தில் இதற்கு ஒரு மாற்று செய்தார்கள். காலியிடத்தைக் கணக்கில் சேர்க்காதே, அல்லது சைபராகவே எடு என்று நிரல் எழுதுகிறவரே சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டம் முழுதும் காலியாக இருந்தால்? சேர்க்காதே என்று சொன்னாலும் விடை சைபர்தான். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அலுவலகக் கணக்குகளுக்கான கோபால் மொழியில் கதை வேறு மாதிரி. 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசைக் கம்ப்யூட்டர்களில், பணக் கணக்குக்கான எண்களின் கடைசி இலக்கத்தோடு 'கூட்டலா, கழித்தலா' என்ற குறியும் சேர்ந்திருக்கும். காலியிடத்தை எண்ணாகச் சுருக்கினால், குறி இருக்க வேண்டிய இடத்தில் குறியல்லாத ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இயந்திரம் அதைக் கண்டதும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு 'எஸ் 0 சி 7' என்று ஒரு எண்ணை அச்சடிக்கும். அந்தத் துறையில் இருந்தவர்களுக்கு இது பேய் பெயர் மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கு நிரல் எழுதியவர் வீட்டுக்குத் தொலைபேசி போகும். ஒரு லட்சம் ரிக்கார்டில் ஒரே ஒரு காலிக் கட்டத்துக்காகச் சம்பளப் பட்டியல் முழுவதும் நின்றுவிடும்.

ஒன்று சத்தம் போடாமல் சைபராக்கியது. மற்றொன்று வேலையை நிறுத்தி ஊரைக் கூட்டியது. இரண்டில் எது நல்லது என்று அப்போது கேட்டிருந்தால், தூக்கம் கெட்டவர்கள் எல்லோரும் முதலாவது என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார்கள். கோபாலில் இதற்கு ஒரே வரி போதும்: 'கட்டத்தில் இருப்பது எண் இல்லை என்றால், அங்கே சைபரைப் போடு.' அந்த வரியைச் சேர்த்த நாளிலிருந்து ராத்திரித் தொலைபேசி நின்றுவிடும். கணக்கு ஓடும். அச்சும் அழகாக வரும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒரு பெரிய அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கான பட்டியல் போட்டார்கள். எங்கள் பிரிவில் கார்டு தயாரித்து, வெளியே ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் கொடுத்து ஓட்டி வாங்குவது வழக்கம். நிரல் அவர்களுடையது. கணவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் நிலுவை கணக்காகும். சிலருடைய பணிப்பதிவேடு வேறு ஊரிலிருந்து வந்து சேரவில்லை. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே கார்டு போட்டிருந்தார்கள். பின்னால் நிரப்பலாம் என்று எண்ணம். நிரல் காலியை சைபராக்கியது. சைபரை எதனால் பெருக்கினாலும் சைபர். பட்டியலில் அந்தப் பெயர்களுக்கு நேரே 0.00 என்று அச்சாகி வந்தது.

இரவுக் காவலாளியாக இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி மாதாமாதம் வருவார். கையில் மஞ்சள் பை. அதற்குள் கணவரின் இறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும். கவுண்டரில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர்தான். பட்டியலைத் திருப்பிக் காட்டி, "உங்களுக்குப் பாக்கி ஒண்ணும் இல்லேன்னு கம்ப்யூட்டர்லயே வந்திருக்கும்மா" என்றார்.

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "யாரு சார் பார்த்துட்டு இல்லேன்னு சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கம்ப்யூட்டர் பற்றி அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அலுவலகம் 'தெரியாது' என்று வைத்திருந்ததை, கார்டுக்கும் அச்சுக்கும் நடுவில் எங்கேயோ 'இல்லை' என்று மாற்றிவிட்டார்கள். 'தெரியாது' என்று வந்திருந்தால் பணிப்பதிவேட்டைத் தேடியிருப்பார்கள். 'இல்லை' என்று வந்ததால் கோப்பை மூடிவிட்டார்கள்.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மாலையில் அந்தத் தட்டுக் கார்டுகளை சார்ட்டரில் போட்டேன். சம்பளக் கட்டத்தின் கடைசிப் பத்திக்கு வைத்து ஓட்டினோம். உண்மையான சம்பளம் எதுவானாலும் கடைசி இலக்கத்தில் சைபராவது துளையிட்டிருப்பார்கள் அல்லவா? துளையே இல்லாதவை மட்டும் பதிமூன்றாவது அறையில் போய் விழுந்தன. காவலாளியின் கார்டும் அதில் இருந்தது. கூடவே ஒரு கைப்பிடி அளவுக்கு மற்றவர்களின் கார்டுகள். அவர்கள் கவுண்டருக்கு வந்து கேட்காதவர்கள், 0.00 என்று சொன்னதும் நம்பி வீட்டுக்குப் போனவர்கள். பணிப்பதிவேடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து நிலுவை வழங்க மேலும் பல மாதம் ஆயிற்று. ஆனால் கிடைத்தது.

இதில் கம்ப்யூட்டரின் உட்புறத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. முழு எண்ணை வைக்க அது ஒதுக்கும் இடத்தில் 'காலி' என்று எழுத வழியே இல்லை. 32 பிட் பெட்டி ஒன்றில் −2,147,483,648 முதல் 2,147,483,647 வரை எழுதலாம். எந்தப் பிட்டை எப்படி வைத்தாலும் அது ஏதாவது ஓர் எண்தான். தசமப் புள்ளி எண்களுக்கு 1985-ல் வந்த ஐஇஇஇ 754 தர நிர்ணயம் 'இது எண் அல்ல' என்பதற்குத் தனிக் குறி கொடுத்தது. முழு எண்ணுக்கு அந்த வசதி இல்லை. எனவே எழுத்தை முழு எண்ணாக மாற்றும் இடத்தில் காலியை ஏதாவது செய்தே ஆக வேண்டும். அதை மனிதன் முடிவு செய்யாவிட்டால் இயந்திரம் தானாக முடிவு செய்துவிடும்.

ஒரு வழி, நடக்கவே முடியாத எண்ணைப் போட்டு வைப்பது. வயது தெரியாவிட்டால் 999. இதில் ஆபத்து, பின்னால் வருகிறவருக்கு அந்த ரகசியம் தெரியாமல் போனால் 999 வயதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது அட்டவணைகளில் 'வயது குறிப்பிடப்படவில்லை' என்று தனி வரியே உண்டு. அதுதான் நேர்மையான வழி. தெரியாதவர்களைப் பச்சைக் குழந்தைகளோடு சேர்க்காமல், தெரியாதவர்கள் என்றே எண்ணிக் காட்டுகிறார்கள்.

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த டெட் காட், தகவலை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-ல் முன்வைத்தவர். 1985-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவது இதைப் பற்றியதுதான்: விடுபட்ட தகவலுக்கு 'நல்' என்ற தனி நிலை வேண்டும், அது சைபரும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல. இன்று வங்கிகளிலும் ரயில்வேயிலும் ஓடும் தகவல் தளங்கள் இந்த முறையில் வந்தவை. நல்லோடு ஐந்தைக் கூட்டினால் விடை ஐந்து வராது, மறுபடி நல்தான். தெரியாததோடு தெரிந்ததைக் கூட்டினால் தெரியாததுதானே?

ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. சி மொழியில் எழுத்தை எண்ணாக்கும் மிகப் பழைய கட்டளைக்கு வெற்று வரியைக் கொடுத்தால் பேசாமல் 0 என்று சொல்லும். எத்தனை எழுத்தைப் படித்தேன் என்று காட்டும் வேறொரு கட்டளை பிறகு வந்தது. அதைப் பயன்படுத்தினால் காலியைக் கண்டுபிடிக்கலாம். இணையப் பக்கங்களை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்டில் வெற்று எழுத்தை எண்ணாக்கினால் இன்றைக்கும் 0 வரும். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் படிக்கும் பைதான் மொழி, இது எண் அல்ல என்று நிறுத்திவிடுகிறது. கோபித்துக்கொண்டு நிற்கும் இயந்திரம்தான் நல்ல இயந்திரம் என்று என் அனுபவம் சொல்கிறது.

சோதிக்காமல் உள்ளே விட்ட சைபர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் போர்க்கப்பல் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. ஊழியர் ஒருவர் தகவல் தளத்தின் ஒரு கட்டத்தில் 0 என்று பதித்தார். நிரல் அதைச் சோதிக்காமல் அந்த எண்ணால் வகுக்கப் போனது. கப்பலின் கம்ப்யூட்டர்கள் செயலிழந்து, எஞ்சின் நின்று, கடற்படையின் கணக்குப்படி ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடந்தது.

நம் வீட்டளவிலும் இது உண்டு. குடியிருப்புச் சங்கக் கணக்கை எக்ஸெலில் போடுகிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து வீட்டுத் தண்ணீர் அளவு 12, 8, 10, 0 என்று நான்கு வந்திருக்கிறது. ஐந்தாவது வீடு பூட்டியிருந்ததால் அளவு எடுக்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எக்ஸெல் நான்கால் வகுத்துச் சராசரி 7.5 என்று காட்டும். 'சும்மா இருக்கட்டும்' என்று 0 போட்டால் ஐந்தால் வகுத்து 6 என்று காட்டும். அந்த ஒன்றரைக்குக் காரணம், யாரும் பார்க்காத ஒரு மீட்டர்.

ஆகவே விண்ணப்பம் எதை நிரப்பினாலும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காசோலையில் தொகைக்குப் பின் 'மட்டும்' என்று எழுதிக் கோடு இழுக்கிறோமே, அதே ஜாக்கிரதை இங்கும் வேண்டும். இல்லை என்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். தெரியாது என்றால் 'தெரியாது' என்று எழுதுங்கள். உங்கள் ஓய்வூதியத்திலோ மருத்துவக் காப்பீட்டிலோ 0.00 என்று அச்சாகி ஒரு தாள் வந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அந்த அம்மாள் கேட்டதைக் கேளுங்கள். கேட்டால் தேடுவார்கள்.